முதலாண்டுப் பிள்ளைகள் ஏன் வந்து கேட்பதில்லை?

கடலூரில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் இந்த ஆண்டுதான் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்திருக்கிறீர்கள். முதலாண்டு மாணவர் 32 பேருக்கு உங்களை மென்டராக, அதாவது வழிகாட்டி ஆசிரியராகப் போட்டிருக்கிறார்கள். உதவித்தொகை, கவுன்சலிங், ராகிங் புகார் என்று எல்லாவற்றுக்கும் நம்பர் எழுதி போர்டில் ஒட்டியாயிற்று, வகுப்பு வாட்ஸப் குழுவிலும் போட்டாயிற்று. இரண்டு மாதமாக ஒருவரும் வந்து எதுவும் கேட்கவில்லை. போதாததற்கு இரண்டு பையன்கள் வகுப்புக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். இவர்களை எப்படிக் கேட்க வைப்பது என்பது உங்கள் கேள்வி.

புதுச்சேரியிலும் கடலூரிலுமாக 29 ஆண்டு பாடம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவன் நான். நீங்கள் ஒட்டியதைப் போல நானும் நிறைய ஒட்டியிருக்கிறேன். முதலில் நான் கோட்டை விட்ட ஒரு கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பண்ருட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு முந்திரிக்காட்டு ஊரிலிருந்து வந்த பெண். செப்டம்பர் மாதம் ஒருநாள் என் மேஜை ஓரத்தில் வந்து நின்றாள். கையில் கோடு போட்ட தாளில் எழுதிய விண்ணப்பம்: 'குடும்பச் சூழ்நிலை காரணமாக மாற்றுச் சான்றிதழ் வழங்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.' பக்கத்தில் அவள் அப்பா, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. "சரிம்மா, ஆபீசில் கொடு" என்று கையெழுத்துப் போட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆறு மாதம் கழித்து அவள் தோழி சொல்லித்தான் காரணம் தெரிந்தது. முதல் இன்டர்னல் தேர்வில் மூன்று பாடத்தில் ஒற்றை இலக்க மார்க். பள்ளியில் முழுக்கத் தமிழ்வழி படித்தவள், இங்கே எல்லாம் இங்கிலீஷ். இனி எப்படியும் வெளியே அனுப்பிவிடுவார்கள், அதற்கு முன் நாமே போய்விடுவது மரியாதை என்று முடிவு செய்திருக்கிறாள். அந்தப் பாடங்களைத் தமிழில் எழுத அப்போது அனுமதி இருந்தது. இன்டர்னலுக்கு மறுதேர்வும் இருந்தது. இரண்டுமே என் துறை போர்டில் ஒட்டியிருந்தன.

இதிலிருந்து எனக்குப் புரிந்தது ஒன்றுதான். உதவி இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்வது வேலையில் கால்வாசி. கேட்பது எப்படி என்று கற்றுக்கொடுப்பதுதான் மீதி முக்கால். பள்ளிக்கூடத்தில் யாரும் யாரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை. பையன் இரண்டு நாள் வரவில்லை என்றால் கிளாஸ் டீச்சரே வீட்டுக்கு போன் போடுவார். இலவசப் பாட நூல், சைக்கிள் எல்லாம் வகுப்புக்கே வந்து சேரும். கல்லூரியில் அப்படியே தலைகீழ்: தேதியைத் தெரிந்துகொண்டு, படிவம் வாங்கி, நிரப்பி, மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கி, சரியான ஜன்னலில் சரியான நேரத்தில் நீட்டினால்தான் எதுவும் நடக்கும். வீட்டில் முதல் பட்டதாரியாக வருகிற பிள்ளைக்கு இதைச் சொல்லித்தர வீட்டில் ஆள் இல்லை. அப்பாவுக்கு ஆபீஸ் ஜன்னல் என்றாலே ரேஷன் கடையும் தாலுகா ஆபீசும்தான். அங்கே குரலைத் தாழ்த்திக்கொண்டு, திட்டு வாங்கத் தயாராகப் போய் நிற்பார். பிள்ளையும் அதைத்தான் பார்த்து வளர்ந்திருக்கிறது.

அப்புறம் பிள்ளைகள் கேட்காமலும் இல்லை. யாரிடம் கேட்கிறார்கள் என்று பாருங்கள். கல்லூரி வாசலில் இருக்கிற ஜெராக்ஸ் கடை அண்ணனிடம் கேட்பார்கள். ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி, எந்தச் சான்றிதழுக்கு எத்தனை காப்பி, ஹால் டிக்கெட் எப்போது வரும் என்று அந்தக் கடையில் கேட்காத பிள்ளையே கிடையாது. அவர் திட்டமாட்டார், பெயர் கேட்கமாட்டார், 'இதுகூடத் தெரியாதா' என்று பார்க்கமாட்டார். என் கடைசி ஐந்து ஆண்டுகளில் ஒவ்வொரு ஜூலையும் அந்தக் கடைக்குப் போய் ஒரு டீ வாங்கிக் குடித்துக்கொண்டே சரியான தேதிகளை எழுதிக் கொடுத்துவிட்டு வருவேன். சிரிக்காதீர்கள், செய்து பாருங்கள். என் துறை போர்டு பத்து வருஷத்தில் செய்யாத வேலையை அந்தக் கடைச் சுவர் ஒரே வாரத்தில் செய்தது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. 32 பேரையும் ஒன்றாக உட்கார வைத்து "ஏதாவது பிரச்சினை இருந்தா சொல்லுங்க" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு: "ஒண்ணும் இல்ல மேடம்." ஒருவராக, வராந்தாவில் நின்றபடி, சின்னச் சின்னதாகக் கேளுங்கள். காலையில் எத்தனை மணிக்கு பஸ் ஏறினே? நேற்று மதியம் எங்கே சாப்பிட்டே? நோட்ஸ் யாரிடம் வாங்குறே? இந்த மூன்று கேள்வியில் முக்கால்வாசி வெளியே வந்துவிடும். ஐந்தே முக்காலுக்கு ஏறினேன் என்பவன் வீட்டில் சாப்பிடாமல் வந்திருக்கிறான். பள்ளிச் சத்துணவு பள்ளியோடு முடிந்து போனது. மதியம் டீயும் ஒரு பன்னும்தான். பெண் பிள்ளைகளுக்கு அரசின் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை, பையன்களுக்கு அது கிடையாது. அரசுக் கல்லூரிப் பையனிடம் இலவச பாஸ் இருந்தாலும் அரசு பஸ்ஸில்தான் செல்லும். நம் பக்கம் பல ஊருக்குக் காலையில் நேரத்துக்கு வருவது தனியார் வண்டிதான். தினமும் கையிலிருந்து காசு போகிறது என்பதை எந்தப் பையனும் தானாக வந்து சொல்ல மாட்டான். நோட்ஸ் யாரிடமும் வாங்கவில்லை என்று ஒருத்தி சொன்னால் அவளுக்கு வகுப்பில் இன்னும் தோழி அமையவில்லை என்று அர்த்தம். என் கணக்கில் மார்க்கைவிட இது பெரிய எச்சரிக்கை.

அடுத்தது, கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு பீரியடை இதற்கென்று ஒதுக்கி, எட்டு எட்டுப் பேராக அழைத்துக்கொண்டு அலுவலகம், உதவித்தொகைப் பிரிவு, நூலகம், தேர்வுப் பிரிவு, கவுன்சலிங் அறை எல்லாவற்றுக்கும் நடந்தே போங்கள். ஒவ்வொரு இடத்திலும் உள்ளே இருப்பவரிடம் "இவங்க நம்ம முதலாண்டுப் பிள்ளைங்க" என்று அறிமுகப்படுத்துங்கள். ஒரு மாணவரை விட்டு ஏதாவது ஒன்றைக் கேட்கச் சொல்லுங்கள். இங்கே படிக்கிறார் என்று காட்டும் போனஃபைட் சான்றிதழுக்கு என்ன வேண்டும் என்பது போதும். முதல் தடவை குரல் நடுங்கும். இரண்டாவது தடவை அவர்களே போவார்கள். கவுன்சலிங் அறைக்குள் எல்லாரும் ஒருமுறை காலடி எடுத்து வைத்துவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். 'பைத்தியம் போகிற ரூம்' என்ற பேச்சு அதற்குப் பிறகு குறைந்தது.

கையோடு விண்ணப்பம் எழுதவும் பழக்கிவிடுங்கள். நான் வகுப்பிலேயே எழுத வைத்திருக்கிறேன். பத்தில் எட்டுப் பேர் 'குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்று ஆரம்பிப்பார்கள். அந்த வார்த்தைக்குள் என்ன இருக்கிறது என்று ஆபீஸில் யாருக்கும் புரியாது. 'அப்பாவுக்கு விபத்து, இரண்டு மாதமாக வேலைக்குப் போகவில்லை, தேர்வுக் கட்டணம் கட்ட 20 நாள் அவகாசம் வேண்டும்' என்று எழுதச் சொல்லுங்கள். என்ன நடந்தது, என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள். இந்த மூன்றும் இருக்கிற கடிதத்தை எந்த முதல்வரும் சுலபமாகத் தட்டிக் கழிக்க முடியாது. பேச்சுக்கும் ஒரு முதல் வரி சொல்லிக்கொடுங்கள்: "சார், எனக்கு ஒரு விஷயம் புரியல, அஞ்சு நிமிஷம் கிடைக்குமா?" நமக்கு இது சாதாரணம். பதினேழு வயதுப் பிள்ளைக்கு, அதுவும் ஸ்டாஃப் ரூம் வாசலில் செருப்பைக் கழற்றலாமா கூடாதா என்று தெரியாமல் நிற்கிற பிள்ளைக்கு, இந்த ஒரு வரி கையில் இருப்பது பெரிய விஷயம்.

பணம். இங்கே நீங்கள் நிறையச் செய்ய முடியும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்டிலிருந்து. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழி படித்தவர்களுக்கும் உண்டு. திட்டம் எல்லாருக்கும் தெரியும், ஆனால் பணம் வராது. ஏன் என்று பாருங்கள். பணம் போவது ஆதாரோடு இணைத்த வங்கிக் கணக்குக்கு. பிள்ளை கல்லூரியில் கொடுத்த பாஸ்புக் ஒரு வங்கி. பள்ளியில் படித்தபோது யாரோ திறந்துவிட்ட கணக்கு இன்னொரு வங்கி, ஆதார் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அல்லது மார்க் ஷீட்டில் இனிஷியல் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, வங்கியில் இனிஷியலே இல்லை. இப்படிப் பெயர் ஒத்துப்போகாமல் நின்றுபோன உதவித்தொகை எத்தனையோ. ஒரு மதியம் 32 பேரின் ஆதார், பாஸ்புக், மார்க் ஷீட் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் நீங்கள் இந்த ஆண்டு செய்யப்போகிற எல்லா அறிவுரையையும்விட இதற்கு மதிப்பு அதிகம்.

எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக், அதாவது பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பதற்கான உதவித்தொகை தனி. பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்றிதழ் பழையதாகிவிட்டால் புதிதாக எடுக்க வேண்டும். கடைசித் தேதிக்கு முதல் வாரம் இ-சேவை மையத்தில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள், அதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள். கடலூருக்கே உள்ள ஒரு சிக்கலையும் கவனியுங்கள். தென்பெண்ணை ஆற்றுக்கு அந்தப் பக்கம் புதுச்சேரியைச் சேர்ந்த பாகூரில் வீடு, இந்தப் பக்கம் படிப்பு என்று இருக்கிற பிள்ளைகள் உண்டு; அதேபோல நம் நெல்லிக்குப்பத்தில் வீடு, புதுச்சேரி காலாப்பட்டில் படிப்பு. தமிழ்நாட்டுத் திட்டமும் புதுச்சேரித் திட்டமும் வேறு வேறு. புதுச்சேரி அரசின் மாணவர் சேர்க்கை அமைப்பான சென்டாக் வழியாகத் தொழிற்படிப்பில் சேர்கிறவர்களுக்குக் காமராசர் பெயரில் தனி நிதியுதவி இருக்கிறது. தோழிக்கு வந்தது எனக்கு வரவில்லையே என்று ஒரு பிள்ளை மனசுக்குள்ளேயே குமைவதற்கு முன், எந்த அரசின் எந்தத் திட்டத்துக்குத் தகுதி என்று முதல் மாதமே உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகியபோது பல வீடுகளில் சான்றிதழ்கள் நனைந்து கூழாகிவிட்டன. மார்க் ஷீட் போய்விட்டால் வாழ்க்கையே போய்விட்டது என்று நினைக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். நகல் வாங்க முடியும் என்பதையும், சான்றிதழ்களை இணையத்தில் சேமிக்கும் அரசின் டிஜிலாக்கரில் ஒரு பிரதி வைப்பதையும் மழைக்காலத்துக்கு முன்பே சொல்லிக்கொடுத்துவிடுங்கள். நம்ம ஊருக்கு இது அவசியம்.

ராகிங்கைப் பற்றி நம் மாவட்டத்தில் இருப்பவர்கள் லேசாகப் பேசவே கூடாது. 1996 நவம்பரில் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டார். அதன் பிறகுதான் 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். இன்றைய பிள்ளைகளுக்கு அந்தப் பெயரே தெரியாது. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2009 விதிகள் நாடு முழுக்கப் பொருந்தும். 1800-180-5522 என்ற எண்ணில் 24 மணி நேரமும் புகார் சொல்லலாம். ஆனால் "ராகிங் நடந்தா சொல்லு" என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள். ஏனென்றால் நடப்பதை அவர்கள் ராகிங் என்று நினைப்பதில்லை. சீனியருக்கு ரெக்கார்டு எழுதிக் கொடுப்பது, தினமும் டீ வாங்கி வரப் போவது, இரவு பதினோரு மணிக்கு விடுதி அறைக்குக் கூப்பிட்டு ஊரையும் சாதியையும் விசாரிப்பது, இதெல்லாம்தான் ராகிங் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.

பாலியல் தொல்லை என்று ஒரு பெண் உங்களிடம் வந்தால் நீங்கள் விசாரணை அதிகாரி ஆகிவிடாதீர்கள். சமாதானம் பேசாதீர்கள், அந்தப் பையனைக் கூப்பிட்டு மிரட்டாதீர்கள். உள்ளகப் புகார்க் குழு ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்க வேண்டும் என்பது சட்டம். நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். எழுதக் கூட இருங்கள், அது போதும். மற்றக் குறைகளுக்கு, அதாவது மார்க், ஃபீஸ், ஒரிஜினல் சான்றிதழைத் திருப்பித் தராமல் பிடித்து வைப்பது, சாதிப் பாகுபாடு போன்றவற்றுக்கு, 2023 யு.ஜி.சி. விதிகளின்படி மாணவர் குறைதீர்க்கும் குழு 15 வேலை நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் ஆம்பட்ஸ்பர்சன் என்கிற குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். இந்த வழியில் போகச் சொன்னால் உங்கள் துறைத் தலைவர் முகம் சுளிக்கலாம். புதிதாக வேலைக்கு வந்தவருக்கு அது கஷ்டம்தான், எனக்குத் தெரியும். வழி இருக்கிறது என்று சொல்வது மட்டும் உங்கள் கடமை. போவதா வேண்டாமா என்பதை மாணவர் முடிவு செய்யட்டும்.

மாற்றுத்திறன் மாணவர்களை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம், ஏனென்றால் அவர்கள்தான் எல்லாரையும்விடக் குறைவாகக் கேட்பவர்கள். 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் என்று சான்றிதழ் இருந்து, எழுதச் சிரமப்படுகிறவர்களுக்குத் தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும், தேவையானால் எழுத ஒரு துணையும் உண்டு. ஹால் டிக்கெட் வந்த பிறகு ஓடினால் நடக்காது, செமஸ்டர் தொடக்கத்திலேயே மனு கொடுத்துவிட வேண்டும்.

மனசு விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்குப் பயமாக இருப்பதும் இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு பிள்ளை திடீரென்று ஒதுங்கிப் போனால், தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை என்றால், 'நான் இல்லாவிட்டால் வீட்டுக்கு ஒரு செலவு மிச்சம்' என்பது போல ஏதாவது உதிர்த்தால், நேரடியாகக் கேளுங்கள்: "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று எல்லாரும் பயப்படுவார்கள். அப்படி ஆவதில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த பிள்ளைதான் பேச ஆரம்பிக்கும். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று சத்தியம் செய்யாதீர்கள். "உன் பாதுகாப்புக்குத் தேவையானவங்க கிட்ட மட்டும் சொல்வேன்" என்று சொல்லுங்கள். 14416 என்பது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசுவார்கள். உங்கள் போனிலிருந்தே போட்டு, பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே பேச வையுங்கள். கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலும் புதுச்சேரி கோரிமேட்டு ஜிப்மரிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. முதல் தடவை யாராவது கூடப் போக வேண்டும். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று வீட்டார் பயந்தால், 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கக் கூடாது என்று சொல்வதை எடுத்துச் சொல்லுங்கள்.

உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லாவற்றுக்கும் நீங்களே தீர்வாக இருக்கப் பார்க்காதீர்கள். கைக்காசை எடுத்துக் கொடுத்துப் பழக்கினால் அடுத்த மாதம் அந்தப் பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கவே கூச்சப்படும், நானே கண்டது. எந்தக் கதவு என்று தெரிந்து, அங்கே வரை கூட நடந்து போகிறவராக இருந்தால் போதும். அந்த நடை ஆகஸ்ட் கடைசியில், முதல் இன்டர்னல் மார்க் வரும் வாரத்தில், அதிகமாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் தீபாவளி லீவு முடிந்து திரும்பும் வாரம். பிள்ளைகள் நழுவிப் போவது இந்த இரண்டு இடத்தில்தான்.

கடைசியாக, வராத அந்த இரண்டு பையன்கள். வீட்டுக்கு முதலில் போன் போட வேண்டாம். வீட்டில் தினமும் காலேஜுக்குத்தான் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். அதே பஸ்ஸில் வருகிற வகுப்புத் தோழனிடம் கேளுங்கள். என் அனுபவத்தில் பாதிப் பேர் வேலைக்குப் போயிருப்பார்கள். முகூர்த்த நாளில் கேட்டரிங் பரிமாறப் போவது, சென்ட்ரிங் வேலை, இல்லையென்றால் அப்பாவோடு படகு. 'ஏன் வரல' என்று கேட்டால் அவர்களுக்குப் பதில் சொல்ல வாய் வராது. அதற்குப் பதில் நீங்களே அட்டெண்டன்ஸ் கணக்கைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்றால் தேர்வு எழுதத் தேவையான 75 விழுக்காட்டுக்கு 68 நாள் வர வேண்டும், 22 நாள் விடலாம். இதுவரை 15 நாள் போயிருந்தால் இன்னும் 7 நாள் மிச்சம். 65 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் கட்டணம் கட்டிக் கண்டோனேஷன், அதாவது வருகைக் குறைவுக்கு விலக்கு வாங்கும் வழியும் பல பல்கலைக்கழகங்களில் உண்டு, உங்கள் தேர்வுப் பிரிவில் கேட்டு வையுங்கள். பிறகு அந்தத் தோழனிடம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்: 'உனக்கு இன்னும் 7 நாள் இருக்கு. திங்கட்கிழமை 9 மணிக்கு நான் லைப்ரரி வாசல்ல நிப்பேன்.' அன்றைக்கு நீங்கள் எட்டே முக்காலுக்கே போய் நின்றுவிடுங்கள்.